கழற்றாத வேலி

வாவிக்குள் கிடக்கிற பழைய வலைகளை அள்ளியெடுத்துக் கண்டல் மரக் கன்றுகளுக்கு வேலியாகக் கட்டலாம் என்று முதன்முதல் சொன்னவள் ஸுஹைனாதான். அதை அவள் எங்கேயும் மறுக்கமுடியாது. அவள் வலையும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் அவள் வேலை செய்கிற மன்றத்தின் முன்சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது.

நாவற்குடாவில் ஒரு வாடகை வீட்டில் இயங்கிய நீரேந்துக் காப்பு மன்றத்துக்கு அந்நாளில் இரண்டு தலையிடிகள். மீனவர்கள் கிழிந்த தங்கூசி நைலோன் வலைகளை வாவியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அவை யாருக்கும் பயனில்லாமல் தண்ணீருக்குள் கிடந்து மீனையும் பாம்பையும் நீர்க்காகத்தையும் கொன்றுகொண்டே இருந்தன. இது ஒன்று. மற்றது மாடுகள். ஆரையம்பதி வாவிக்கரையில் கண்டல் நட நட, அடுத்த கிழமையே மாடு வந்து குருத்தைக் கடித்துவிட்டுப் போய்விடும். மாட்டுக்காரர்களிடம் போய்ச் சொன்னால், "போர்ட் போட்டிரிக்கீங்கதான். மாட்டுக்கு வாசிக்கத் தெரியணுமே" என்று கேலி செய்தார்கள்.

ஸுஹைனா இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கண்டுபிடித்தாள். அள்ளிய வலையைக் கொண்டே வேலி. வாவியும் சுத்தம், கன்றும் பத்திரம். இணைப்பாளர் ஜெயரூபன் அந்த யோசனையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். கொழும்பிலிருந்து வந்தவர்கள் வேலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், இளநீர் குடித்தார்கள், படம் எடுத்தார்கள், சப்பாத்தில் சேறு படாமல் வாகனத்தில் ஏறிப் போனார்கள். வலை தண்ணீருக்குள் போனால் மறுபடியும் வலைதான் என்ற சின்ன விஷயம் அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸுஹைனாவுக்குத் தோன்றியது. அதனால்தான் மாரி தொடங்குமுன் வலைகளைக் கழற்றிச் சுருட்டிக் கொட்டிலில் வைத்துவிடவேண்டும் என்று அவளே ஒரு விதி போட்டிருந்தாள். கம்புகள் மட்டும் நிற்கும். தண்ணீர் ஏறியபின் மாடு அந்தப் பக்கம் போவதில்லை என்பதால் வேலிக்கும் அப்போது வேலை கிடையாது. முந்திய மாரிகளில் அப்படியே செய்தார்கள். கரையில் தொழில் செய்கிறவர்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

வலைத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தித் தைத்தவர்கள் மன்றத்தின் நாற்றுமேடையில் வேலை செய்த பெண்கள். ஆளுக்கொரு பக்கம். அதிலே கேதீஸ்வரியின் கையைத் தனியாகச் சொல்லவேண்டும். மற்றவர்கள் கையில் கிடைத்த நூலால் இழுத்துக் கட்டிவிட்டுப் போக, அவள் மட்டும் நீல நைலோன் நூல் வாங்கிவந்து, சேலைக்கு ஓரம் அடிக்கிற பொறுமையோடு கண் கண்ணாகப் பிடித்து முடிச்சுப் போட்டாள். நாலு பக்க வேலியில் கிழக்குப் பக்கம் அவளுடையது. தைத்து முடித்த அன்று ஸுஹைனா அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"மாடு முட்டினாலும் பிரியப்படாது அக்கா. இன்னும் கொஞ்சம் இறுக்கித் தைங்க."

"மாடென்ன மிஸ், ஆனை வந்து இழுத்தாலும் பிரியாது. நான் தைச்சா அவிழாது. எங்கட ஊட்டுக்காரர்ட்டக் கேட்டுப் பாருங்க. அவர்ர சேட்டுக் கிழிஞ்சாலும் பொத்தான் அப்பிடியே கிடக்கும்."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய வீட்டுக்காரன் இராசதுரை அப்போது கரையோடு தோணியைச் சாய்த்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். தன் பெயர் அடிபடுவது கேட்டு அவனும் சிரித்தான்.

இந்த வருடம் வலையைக் கழற்றவில்லை. காரணத்தைக் கேட்டால் வெட்கக்கேடு. மாரி தொடங்குகிற நேரத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வேலியைப் பார்க்க வருவதாக இருந்தது. "படம் எடுக்க வாறவங்களுக்கு வெறுங்கம்பையா காட்டுற? ஒரு கிழமைதானே ஸுஹைனா" என்றார் ஜெயரூபன். ஸுஹைனா ஓம் என்றாள். மழை என்று அவர்கள் வரவைத் தள்ளிப் போட்டார்கள். பிறகும் தள்ளிப் போட்டார்கள். அதற்குள் மேலே குளங்கள் நிரம்பி வான் பாய்ந்து, படுவான்கரை வயல்வட்டைகள் மூழ்கி, அவ்வளவு தண்ணீரும் வாவிக்குள் வந்து விழுந்தது. வேலி மூழ்கியது. பிறகு கம்புகளின் தலையும் மூழ்கியது. வலையை வழக்கம்போலக் கழற்றியிருப்பார்கள் என்றே கரையில் நினைத்தார்கள். மன்றத்தில் இருந்துகொண்டு, கன்றுகள் தாக்குப்பிடிக்குமா என்று கவலைப்பட்டார்கள். வலையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை.

இராசதுரை அந்த வெள்ளத்தில் ஒரு மாலை தோணியெடுத்துப் போனவன் திரும்பவில்லை. விடிந்ததும் கேதீஸ்வரி ஸுஹைனாவுக்குத்தான் போன் எடுத்தாள், ஏனென்றால் எஞ்சின் போட் மன்றத்திடம்தான் இருந்தது. மன்றத்தின் படகோட்டி ரதீஸும் ஆரையம்பதிக்காரன்தான். அவனும் ஸுஹைனாவும் போனார்கள். கவிழ்ந்த தோணியைக் கண்டல் நட்ட இடத்துக்குக் கிட்டக் கண்டார்கள். ரதீஸ் எஞ்சினை நிறுத்தினான்.

இராசதுரை நின்றுகொண்டிருந்தான். முதலில் அப்படித்தான் தெரிந்தது. தலைமயிர் மட்டும் தண்ணீரின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பாசி மாதிரி அசைந்தது. தோணி மூழ்கிய கம்பொன்றில் ஏறிக் கவிழ்ந்திருக்கவேண்டும். குதித்தவனுடைய கால்கள் வலைக்குள் போயிருந்தன. உதற உதற வலை மேலும் சுற்றியிருந்தது. ரதீஸ் படகின் விளிம்பில் வயிறு பதியக் கிடந்து கத்தியால் அறுத்தான். ஸுஹைனா இராசதுரையின் சேட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். மேலே வந்த கையைப் பார்த்தாள். நகங்கள் பிய்ந்திருந்தன. விரல்களுக்கிடையில் நீல நூல் சிக்கியிருந்தது.

கேதீஸ்வரியின் நூல். கிழக்குப் பக்கம்.

ரதீஸ் அந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்தான். அறுத்த வலைத் துண்டுகளைப் படகின் பலகைக்குக் கீழே தள்ளினான். "மிஸ், இத அக்காவுக்குக் காட்ட ஏலாது" என்றான். அவள் தலையை ஆட்டினாள்.

கரையில் சனம் கூடியிருந்தது. இறக்கும்போதே எல்லாருடைய கண்ணும் அவனுடைய கால்களுக்குப் போனது. வலை அறுத்த காயத்தை நண்டும் மீனும் அகலமாக்கியிருந்தன. "முதலை புடிச்சிரிக்கு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், அது ஊரின் வாயில் ஏறிவிட்டது. அந்த நிமிடத்தில் ஸுஹைனா இல்லையென்று சொல்லியிருக்கலாம். ரதீஸும் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் ஈரத்துணியோடு நின்றார்கள். ஆஸ்பத்திரியில் பரிசோதித்து, நீரில் மூழ்கிய மரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அது பொய்யில்லை. முதலையை ஊர் சேர்த்துக்கொண்டது.

ஜெயரூபன் அன்று பின்னேரம் மன்றத்தின் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஓடைகளுக்காகவும் குளங்களுக்காகவும் மணல் அள்ளுகிறவர்களிடம் அடி வாங்கியவர். ஆனால் பயம் வந்தால் நல்ல மனிதரும் நியாயம் பேசக் கற்றுக்கொள்வார்.

"நீங்க காத்தான்குடி. செத்தது ஆரையம்பதி மனிசன். இந்த முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் சண்டைக் காலத்துல என்னென்ன பட்டதெண்டு கண்ணால கண்டவன் நான். வலை கட்டச் சொன்னது ஸுஹைனா எண்டு ஒருத்தன் வாயத் திறந்தா, அது வலையோட நிக்காது."

"நாளைக்கு இன்னொரு ஆள் அதுக்குள்ள போனா, சேர்?"

"ஆர் போகப் போறான்? முதல எண்டு ஊரே பயந்து கிடக்கு. ஒரு வகையில அது நல்லதுதான்." சொல்லிவிட்டு அவருக்கே கூச்சமாகப் போயிற்று. "தண்ணி வத்தினதும் முதல் வேலையாக் கழட்டுவம். இப்ப கழட்டப் போனா நாங்களும்தான் மாட்டுவம்."

"அது கேதீஸ் அக்காட பக்கம். அவ தைச்சது."

ஜெயரூபன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப சொல்லவே வேணாம்" என்றார். "அத அந்த மனிசிக்குச் சொல்லி என்ன காணப்போறீங்க?"

உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வி ஸுஹைனாவுக்கு ஆறுதலாகவும் இருந்தது. சொல்லாமல் இருப்பதை இரக்கம் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போக முடிந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு வீதிதான். அன்று வீடு வரைக்கும் அவள் ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மாலை அவள் கேதீஸ்வரியின் வீட்டுக்குப் போனாள். உம்மா போகாதே என்றுதான் சொன்னா. போகாமல் இருந்தால் அதுவே ஒரு பேச்சாகிவிடும். பந்தலுக்குக் கீழே ஆண்கள் இருந்தார்கள். உள்ளே கேதீஸ்வரி சுவரோடு சாய்ந்து காலை நீட்டியபடி இருந்தாள். அழுது முடித்திருந்தாள். ஸுஹைனாவைக் கண்டதும் பக்கத்தில் இருக்கச் சொல்லிப் பாயைத் தட்டினாள்.

"மிஸ், போன வருசம் ஒரு முதலையப் புடிச்சுக் கட்டினாங்களே, ஞாபகமிரிக்கா? எல்லாரும் அடிக்க நிக்கக்குள்ள இவர்தான் மறிச்சவர். அடிக்காதீங்க, அது இரிந்தாத்தான் வாவி நல்லா இரிக்கும் எண்டு கதைச்சவர். நான் சொல்லிக் குடுத்த கதை அது. நீங்க எங்களுக்குச் சொல்லித் தந்தது."

"அக்கா..."

"அதுதான் இவரக் கொண்டு போயிட்டு. நான் அவருக்குச் சொல்லிக் குடுக்காம இரிந்திருந்தா அண்டைக்கே அத அடிச்சுக் கொண்டிருப்பாங்க. நானே என்ர வாயால அவரக் குடுத்திட்டன் மிஸ்."

ஸுஹைனா அவளுடைய கையைப் பிடித்தாள். அந்த விரல்களில் ஊசி குத்திக் காய்ந்த தழும்புகள் இருந்தன. இவள் தனக்கில்லாத ஒரு பழியைச் சுமந்துகொண்டிருக்கிறாள். அதை இறக்கி வைக்கவேண்டுமானால் அதைவிடக் கொடிய ஒன்றைத் தூக்கித் தலையில் வைக்கவேண்டும். ஸுஹைனா கையை விட்டுவிட்டு எழுந்தாள்.

வெளியே வரும்போது இராசதுரையின் அண்ணன் இளையதம்பி பந்தலுக்கு வெளியில் நின்று கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவரோடு அவருடைய தொழில்காரர்கள் சிலர். ரதீஸும் அவர்களோடு குந்தியிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"முதலையப் புடிக்க விடிய இறங்குறம் மிஸ்" என்றார் இளையதம்பி. "கண்டல் நட்ட இடத்துலதான் அது கிடக்கும். வரிசையாக் கழுத்தளவுத் தண்ணிக்குள்ள நடந்து கலைச்சுக்கொண்டு வந்தா, இஞ்சால பக்கம் கண்ணியில விழும்."

"அந்தப் பக்கம் நல்ல ஆழம் அண்ணன். தண்ணி வத்தட்டுமே."

"முதலைக்காகக் கதைக்க வந்தீங்களா?" அவர் அதைக் கோபமில்லாமல்தான் கேட்டார். மற்றவர்கள் கயிற்றை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பார்வை ஒன்றே போதுமாக இருந்தது. அவள் வீதியைக் கடந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜெயரூபனுக்குப் போன் எடுத்தாள். தான் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். பேசியும் பார்த்தார். செத்த வீட்டில் கொதித்துக்கொண்டிருக்கிற ஆண்களிடம் நீரேந்துக் காப்பு மன்றத்துக்காரர் முதலையைப் பற்றிப் பேசப் போனால் என்ன கிடைக்குமோ அது கிடைத்தது. பிறகு ரதீஸை எடுத்தாள்.

"நீயும் இறங்கப் போறியா தம்பி? உனக்குத் தெரியும்தானே."

"இறங்காட்டி ஏன் எண்டு கேப்பாங்க மிஸ்." அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் கிழக்குப் பக்கத்தால நடக்கிறன். அந்த இடத்த விலத்தி மத்தாக்களக் கூட்டிக்கொண்டு போறன்."

"தெற்குப் பக்கமும் வலைதானே ரதீஸ். வடக்கும் வலைதானே."

அவன் போனை வைத்துவிட்டான்.

மழை விட்டிருந்தது. விடிகிற நேரத்தில் வாவி ஒன்றுமே அறியாத மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தது. ஸுஹைனா போகும்போது ஆண்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய கயிற்றை மற்றவருடையதோடு தொடுத்திருந்தார்கள், முதலை இழுத்தால் எல்லாருமாகப் பிடிக்கலாம் என்று. ஒருவன் சிக்கினால் அத்தனை பேரும் போவார்கள். அதைக் கண்டதும்தான் அவளுக்குள் இருந்த இரக்கம், பயம், நியாயம் எல்லாம் ஒரே அடியாகக் கழன்றது.

"இறங்காதீங்க" என்றாள். "அங்க முதல இல்ல. வலை கிடக்கு. இந்த வருசம் நாங்க வேலியக் கழட்டல்ல. இராசதுரை அண்ணன் அதுலதான் மாட்டினவர். நானும் ரதீஸும் அறுத்துத்தான் எடுத்தம்."

இளையதம்பி அவளைப் பார்க்கவில்லை, ரதீஸைப் பார்த்தார். கயிற்றின் நடுவில் நின்ற ரதீஸ் அப்படியே சேற்றில் குந்தி முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான். அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். தோணியில் ஏறி, கொக்கி கட்டிய தடியோடு தனியாகப் போனார். தடியைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினார். கொக்கி பிடித்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, செத்த மீனும் ஆற்றுவாழைத் தண்டும் இறகு அழுகிய ஒரு நீர்க்காகமுமாக. ரதீஸ் கத்தியால் அறுத்த இடமும் வந்தது. அவ்வளவையும் தோணியில் குவித்துக் கரைக்குக் கொண்டுவந்து மணலில் போட்டார்.

"என்ர தம்பி தண்ணிக்குள்ள பொறந்தவன் மாதிரி" என்றார். "முதல எண்டாலும் மனசு ஆறும்."

சனம் கூடிவிட்டது. பின்னாலிருந்து ஒரு குரல், அன்றைக்கு முதலை என்று சொன்ன அதே குரலாகக்கூட இருக்கலாம், சொல்லியது: "காத்தான்குடிப் பொம்புள கட்டின வலையில நம்மட ஆள் செத்திரிக்கான்." யாரும் அதற்கு ஓம் சொல்லவில்லை. யாரும் இல்லையென்றும் சொல்லவில்லை. இரண்டு மூன்று பேர் முன்னுக்கு வந்தார்கள். ஸுஹைனா பின்னுக்கு நகரவில்லை.

கேதீஸ்வரியின் வீட்டுப் பின்வேலியோடு வாவிக்கரை. சத்தம் கேட்டு அவள் வந்திருந்தாள். செத்த வீட்டு மனிசி கரைக்கு வரக்கூடாது என்று ஒரு கிழவி கையைப் பிடித்து இழுத்தா. கேதீஸ்வரி கையை உதறிவிட்டு வந்து வலைக்கு முன்னால் இருந்தாள். எல்லாரும் வழி விட்டார்கள். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தார்கள்.

அவள் வலையைப் புரட்டினாள். மடியில் இழுத்துப் போட்டு ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டு போனாள், கடையில் துணி பார்க்கிற மாதிரி. நீல நூல் வந்த இடத்தில் கை நின்றது. விரலால் ஒரு முடிச்சை நெருடினாள். அடுத்த முடிச்சை நெருடினாள். அதற்கடுத்ததையும்.

ஸுஹைனா வந்து அவளுக்கு முன்னால் குந்தினாள். "கழட்டாம விட்டது நாங்க அக்கா" என்றாள். "நீங்க இல்ல. நான்."

கேதீஸ்வரி அது காதில் விழாதவள் மாதிரி இருந்தாள். பிறகு தலையைத் திருப்பி, அந்தக் குரல் வந்த பக்கமாகச் சொன்னாள்: "இவ கட்டல்ல. நான் கட்டினன். இது என்ர நூல்."

முன்னுக்கு வந்தவர்கள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்கள். இளையதம்பி தோணியின் விளிம்பில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"மிஸ்."

"சொல்லுங்க அக்கா."

"அவர் அவிழ்க்கப் பாத்திரிப்பார், என்ன?"

பொய் சொல்ல இன்னும் ஒரு தருணம் இருந்தது. பிய்ந்த நகங்களை ஸுஹைனா நினைத்தாள். அந்தக் கையைப் பிடித்துக் குளிப்பாட்டியவள் கேதீஸ்வரி. அவளும் அந்த நகங்களைப் பார்த்திருப்பாள்.

"ஓம் அக்கா" என்றாள். "பாத்திரிக்கார்."

கேதீஸ்வரி தலையை ஆட்டினாள். முடிச்சொன்றைப் பல்லால் கடித்து இழுத்தாள். அது அசையவில்லை.

"அவிழாது" என்றாள். "நான் தைச்சா அவிழாது." மறுபடியும் குனிந்து அடுத்த முடிச்சில் பல்லை வைத்தாள்.